காரேஸுக்குத் தமிழ்ச்சொல்: சுருங்கைக்கால்?

> பலுசிஸ்தான் கட்டுரையில் காரேஸுக்கு ‘நிலத்தடிக் கால்வாய்’ என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா. காரேஸ் என்பது பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில் நிலத்தடி நீரைச் சுரங்கம் வழியே ஊருக்குக் கொண்டுவரும் பாசன அமைப்பு. நிலத்தடிக் கால்வாய் என்று சொன்னால் ஆற்றுத் தண்ணீரை மூடிக் கொண்டுபோவதாகத்தான் படிப்பவர் நினைப்பார். காரேஸில் தண்ணீர் சுரங்கத்துக்குள்ளேயே ஊறுகிறது. மலையடிவாரத்தில் நீர்மட்டம் தொடும்வரை ஒரு தாய்க்கிணறு. அங்கிருந்து ஊர்ப்பக்கம், ஆயிரம் அடிக்கு ஓரடி போன்ற சிறு சரிவில் சுரங்கம். சரிவு கூடினால் ஓட்டம் தரையை அரித்துக் கூரை சரியும். குறைந்தால் வண்டல் படியும். இடையிடையே மண்ணை மேலேற்றவும் உள்ளே காற்று போகவும் கிணறுகள். அள்ளிய மண்ணை வாயைச் சுற்றி வளையமாகக் கொட்டியிருப்பார்கள், காட்டுவெள்ளம் உள்ளே இறங்காதிருக்க.

நிலத்தடி வழிக்குச் ‘சுருங்கை’ நம்மிடம் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் மதுரையின் ‘சுருங்கை வீதி’ வருகிறது. காசர்கோட்டில் மலைச்சரிவைக் குடைந்து நீரெடுக்கும் சுரங்கத்தை இன்றும் ‘சுரங்கம்’ என்றே சொல்கிறார்கள். அதோடு பாசனக் ‘கால்’ சேர்த்துச் சுருங்கைக்கால் என்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள நீளம் ஊறுபகுதி, மற்றது ஓடுபகுதி. நடுக்கிணறுகள் தூர்க்கிணறுகள்.

> தண்ணீர் வெளிவரும் இடத்துக்கு ‘மதகு’?

மதகென்றால் அடைக்க முடியவேண்டும். இது இரவு பகல், குளிர்காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். ‘வெளிவாய்’ சரியாக இருக்கும். அடைக்க முடியாததால்தான் நேரத்தைப் பங்கிடுகிறார்கள்: ஒரு பகலிரவு நீர் ஒரு ‘ஷபானா’. நம் உழவர் வாயில் இருக்கும் ‘முறை’யை வைத்து நாள்முறை, முறைக்காரர் என்று எழுதலாம். ‘பங்காளி’ உறவுமுறை ஆகிவிடும், வேண்டாம்.

கட்டுரையில் மக்கள்தொகைப் பத்தியை இதனோடு சேர்த்தே எழுதவேண்டும். மாகாணத்தின் 3,47,190 சதுர கி.மீ. பரப்பில், 2017 கணக்கெடுப்பின்படி சுமார் 1 கோடியே 23 லட்சம் பேர். கலாத், மஸ்துங் பக்கம் பல ஊர்கள் வெளிவாயை ஒட்டி உண்டானவை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நீர்மட்டம் இறங்கியதும் ஊறுபகுதி வறண்டது. சுரங்கத் தரையை மட்டும் ஆழப்படுத்தினால் வெளிவாய் மேடாகிவிடும், தண்ணீர் வயலுக்கு ஏறாது. அதனால் பல சுருங்கைக்கால்களைக் கைவிட்டார்கள்.

கலாத்தில் பிராகுயி என்ற திராவிட மொழி பேசும் மக்கள் தண்ணீரை ‘தீர்’ என்கிறார்கள். நம் ‘நீர்’ அதே வேர். அவர்கள் நாட்டுப் பாசனத்துக்கு நம் சொல்லைத் தேடும்போது இந்த ஒரு வரியும் கட்டுரையில் இருக்கட்டும்.