சலுகை அரிப்பா, சலுகைத் தேய்வா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். மொரிசியசின் சர்க்கரை, துணி ஏற்றுமதி பற்றி மாணவர்களுக்கு ஒரு கட்டுரை தயாராகிறது. உலக வர்த்தக அமைப்பின் ஆவணங்களில் வரும் ‘பிரிஃபரன்ஸ் எரோஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். சில நாடுகளுக்கு மட்டும் கிடைத்துவந்த இறக்குமதிச் சலுகை, மற்றவர்களுக்கும் தடைகள் குறையக் குறைய மதிப்பிழந்து போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

முதலில் ‘சலுகை அரிப்பு’ என்று எழுதினேன். வீட்டில் படித்துவிட்டு, “சலுகைக்கு அலைகிறவர்களைப் பற்றியா எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். மண்ணரிப்பு சரிதான், இது சரிப்படாது.

*

வணக்கம் ஐயா. ‘சலுகை வெட்டு’ என்று நேராகச் சொல்லலாமே? 2006-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரையின் உத்தரவாத விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. கரும்புக்காரர்கள் அதை வெட்டு என்றுதானே உணர்ந்தார்கள்?

*

அம்மா, வெட்டு என்றால் வெட்டியவர் என்று ஒருவர் இருக்கவேண்டும். சர்க்கரையில் இருந்தார். ஐரோப்பா தன் பழைய குடியேற்ற நாடுகள் பலவற்றோடு செய்துகொண்ட 1975 லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறைப்படி, மொரிசியசிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 4,90,000 டன்னை உத்தரவாத விலைக்கு ஐரோப்பாவுக்கு விற்றோம். ஐரோப்பாவின் சர்க்கரை ஏற்றுமதி மானியத்தை எதிர்த்து பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் வழக்காடி 2005-ல் வென்றன. அடுத்து விலை வெட்டு வந்தது, 2009-ல் நெறிமுறையே முடிந்தது.

துணியில் நடந்தது வேறு. பணக்கார நாடுகளின் துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பல்லிழை ஒப்பந்தம், ஹாங்காங், இந்தியா போன்ற இடங்களின் ஆடைகளுக்கு அளவு வரம்பு வைத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் ஹாங்காங் முதலாளிகள் இங்கே ஆலை போட்டார்கள். 2004 டிசம்பரோடு வரம்புகள் நீங்கின. நம் சலுகையில் யாரும் கைவைக்கவில்லை, ஆனாலும் ஆலைகள் மூடின.

கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைப்பது ஒரு மரியாதை. வந்த எல்லோரையும் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தால்? இலையில் ஏழு கறியும் குறையாமல் விழும், மரியாதை மட்டும் போய்விடும். சொல்லுக்குள் வரவேண்டியது இதுதான். ‘தேய்வு’ என்றால் செய்தவரைத் தேடவேண்டாம், நிலா தேய்வதைப்போல. அதனால் ‘சலுகைத் தேய்வு’ என்கிறேன்.

பன்னாட்டு நாணய நிதியம் 2004-ல் கொண்டுவந்த வர்த்தக ஒருங்கிணைப்பு ஏற்பாடும் இந்தத் தேய்வை மனத்தில் வைத்துத்தான். பிற நாடுகள் சந்தையைத் திறந்ததால் ஏற்றுமதி வருமானம் இழந்து, அந்நியச் செலாவணிக்குத் திண்டாடும் நாடுகளுக்கான வழி அது. வங்கதேசம் முதலில் போய் நின்றது. கிடைப்பதென்னவோ கடன்தான். அதை ஈடு என்று சொல்லலாமா என்பது வேறு பேச்சு.

*

தேய்வு எனக்குச் சம்மதம். ‘தேய்மானம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இயந்திரத்துக்கும் வண்டிக்கும் கணக்கு எழுதுகிற நாங்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டோம். அப்புறம், வெறும் ‘சலுகை’ என்றால் கடைக்காரர் தீபாவளிக்குப் போடும் தள்ளுபடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘வணிகச் சலுகைத் தேய்வு’?

*

கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் சரி. முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘சலுகைத் தேய்வு’ என்றே போகிறேன். சர்க்கரைப் பகுதியில் ‘விலை வெட்டு’ அப்படியே இருக்கட்டும், அம்மா சொன்னதும் வீணாகவில்லை.