எங்கள் வீடு, கோத்தகிரி: குடும்பக் குழு

அக்கா, காலை 6.42
விழித்தவுடன் எல்லோரும் இதைப் பாருங்கள். மலக்குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா வெளிக்குப் போய்விட்டு வந்தார், துணியில் ரத்தம். நேற்றும் இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "இதையெல்லாம் எப்படிச் சொல்வது?" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான், 6.45
எவ்வளவு அக்கா? காரை எடுத்துக்கொண்டு கிளம்பட்டுமா?

குன்னூர்ச் சித்தி, 6.47
முருகா! தையல் விட்டிருக்குமோ? இரண்டு நாளைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர் கொடு. வயிறு காலியாக இருந்தால் புண் ஆறிவிடும்.

அண்ணி, 6.50
சித்தி, அது மட்டும் வேண்டாம். சாப்பாடு குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்க நேரிடும். தையலுக்கு ஆபத்தே அந்த முக்கலில்தான்.
அத்தைக்குக் கட்டி கட்டியாக வந்ததா? மற்ற நேரத்திலும் சொட்டுகிறதா? தலைசுற்றல், காய்ச்சல், வயிறு உப்பல், சிறுநீர் அடைப்பு ஏதாவது?

அக்கா, 6.56
அது எதுவும் இல்லை அண்ணி. துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு, புதுச் சிவப்பு. சளியும் கொஞ்சம். ஆனால் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் முழுவதும் சிவந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் பயந்துவிட்டேன்.

அண்ணி, 6.57
நேற்று என்ன சாப்பிட்டார்?

அக்கா, 6.57
சாதம், பீட்ரூட் பொரியல். பக்கத்துத் தோட்டத்தில் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

அண்ணி, 7.03
தண்ணீர் சிவந்ததற்குப் பீட்ரூட்டும் காரணமாக இருக்கலாம். கொஞ்ச நாள் அதை நிறுத்துங்கள், கண்ணை ஏமாற்றும். துணியில் இருப்பது ரத்தம்தான்.
அத்தைக்கு வயிற்றைத் திறக்கவில்லை, ஆசனவாய் வழியாகவே செய்த டெலார்ம் முறை. வெளியே தள்ளிய மலக்குடலின் உட்சவ்வை உரித்தெடுத்து, தசையை மடித்துத் தைத்திருக்கிறார்கள். மலம் அந்தத் தையலை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். முதல் ஓரிரு வாரம் துடைக்கும்போது இப்படிக் கொஞ்சம் வருவது எதிர்பார்ப்பதுதான். ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

அண்ணன், 7.08
இதயத்துக்கான ஆஸ்பிரினை மறுபடி தொடங்கிவிட்டாரா?

அக்கா, 7.10
ஆமாம் அண்ணா. இன்று நிறுத்திவிடவா?

அண்ணி, 7.11
நாமாக நிறுத்தக் கூடாது. 9 மணிக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரிடம் கேளுங்கள்.

அக்கா, 7.19
இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. நேற்று விறகுக் கட்டைத் தூக்கியிருக்கிறார். குளிரில் தண்ணீரே குடிப்பதில்லை. மலம் இளகக் கொடுத்த மருந்து திகட்டுகிறது என்று ஒதுக்கிவிட்டாராம்.

அண்ணி, 7.26
காரணம் கிடைத்துவிட்டது. அந்த மருந்தைத் தவறாமல் கொடுங்கள். தண்ணீரை வெதுவெதுப்பாகப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கையருகே வையுங்கள், மணிக்கொரு தடவை நீங்களே நீட்டுங்கள். கழிப்பறையில் காலுக்கடியில் சின்ன மணை போடுங்கள். வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும், உட்கார்ந்து முக்கக் கூடாது. வெளிக்குப் போனபின் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 10 நிமிடம் உட்காரட்டும். விறகு, குடம் எதையும் தொடக் கூடாது, டிஸ்சார்ஜ் தாளில் 6 வாரம் என்று எழுதியிருக்கிறது.
துணி நனைந்தால், கட்டியாக வந்தால், மயக்கம் வந்தால் உடனே 108. அந்த நிலையில் நம் காரில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கோவைக்கு ஓட வேண்டாம். முதலில் கோத்தகிரி அரசு மருத்துவமனை.

அம்மா, 7.40
எல்லோரையும் கலங்க வைத்துவிட்டேன். வேலைக்குப் போங்கள்.

அண்ணி, 7.41
அத்தை, நீங்கள் சொன்னால்தான் நாங்கள் நிம்மதியாக வேலைக்குப் போக முடியும். ஒரு சொட்டானாலும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அக்கா, 9.24
டாக்டரிடம் பேசிவிட்டேன். ஆஸ்பிரின் தொடரட்டும் என்றார். நாளை வந்து காட்டச் சொல்கிறார், அதற்குள் கூடினால் காத்திருக்கக் கூடாதாம்.

நான், 9.26
இன்று இரவே வருகிறேன் அக்கா. நாளை மெதுவாக அழைத்துப் போகலாம்.

குன்னூர்ச் சித்தி, 9.31
நான் மதியப் பஸ்ஸில் வருகிறேன். அடுப்பும் விறகும் என் பொறுப்பு. உங்கள் அம்மா இனி தூக்கட்டும், பார்க்கிறேன்!