கிளெமென்டே 266, மேஸ் 195: இதற்குப் பதில் சொல்லுங்கள்

பிட்ஸ்பர்க்வாசி:
"பேஸ்பாலில் வில்லி மேஸ் பக்கத்தில் நிறுத்தினால் ரொபெர்ட்டோ கிளெமென்டே, மைதானத்தின் வெளிப்பகுதியைக் காக்கும் சாதாரண அவுட்ஃபீல்டர்தான், பந்தைப் பிடித்து அவுட்டாக்கிய புட்அவுட் கணக்கு 7,095க்கு 4,696" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அசிஸ்ட் கணக்கை ஏன் வசதியாக மறந்தீர்கள்? பந்தை வீசி ஆளை அவுட்டாக்கிய கணக்கு அது. கிளெமென்டே 266, மேஸ் 195. அதுவும் மேஸ் நானூறு ஆட்டங்களுக்கு மேல் கூடுதலாக அவுட்ஃபீல்டில் நின்றும்!

கணக்குப்புள்ளி:
எழுதியது நான்தான், ஒளியவில்லை. எரர் கணக்கை நீங்கள் ஏன் மறந்தீர்கள்? மேஸ் 141, கிளெமென்டே 140. ஏழாயிரம் பந்து பிடித்தவரும் ஐயாயிரத்தைக்கூடத் தொடாதவரும் ஏறக்குறைய ஒரே அளவு தவறு செய்திருக்கிறார்கள். தவறில்லாமல் முடித்த பங்கைப் போட்டால் மேஸ் .981, கிளெமென்டே .973.

பிட்ஸ்பர்க்வாசி:
266 சார், 266. மேஸ் மாதிரி நடுவே சென்டர் ஃபீல்டில் நிற்பவருக்குப் பந்து அதிகம் வரும், புட்அவுட் ஏறத்தான் செய்யும், அதில் என்ன பெருமை? கை பலம் அப்படி வராது. கிளெமென்டேயுடையது பள்ளியில் ஈட்டி எறிந்த கை. 1971 உலகத் தொடர், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடர், பால்டிமோரில் ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். வலது மூலைக்கு ஓடிய பந்தை எடுத்து அப்படியே திரும்பி வீசினார், ஓடுபவர் ரன் எடுக்க வந்து சேர வேண்டிய ஹோம் பிளேட்டுக்கு ஒரே குத்தில் வந்தது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய எதிரணியின் பெலாஞ்சர் மூன்றாவதிலேயே நின்றுவிட்டார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கணக்குப்புள்ளி:
பார்த்திருக்கிறேன். ஆள் நின்றுவிட்டால் அசிஸ்ட் கிடையாது, அந்த வீச்சு உங்கள் எண்ணில் சேரவே சேராது. அப்புறம், பிட்ஸ்பர்க் அணியின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வலது ஓரக்கோட்டில் சுவர் 300 அடியிலேயே வந்துவிடும், வீச்சுத் தூரம் குறைவு. பாப் கிளெமென்டே அந்த வலது பக்கம்தான் பதினைந்து வருடத்துக்கு மேல் நின்றார்.

பிட்ஸ்பர்க்வாசி:
பாப் கிளெமென்டேயா?! அவர் பெயர் ரொபெர்ட்டோ. வீரர் படம் போட்ட அட்டைகளிலும் வர்ணனையிலும் 'பாப்' என்று வெட்டிச் சுருக்கியது அவருக்குப் பிடிக்கவே இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் கரோலினாவில் பிறந்து, நிகராகுவாவுக்கு நிவாரணம் கொண்டுபோன விமானத்தில் உயிரை விட்ட மனிதரை, பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாமல் எடைபோட வந்துவிட்டீர்கள்.

கணக்குப்புள்ளி:
பெயர் தப்பு, சரி. 140 எரர் தப்பா?

ஓரத்தில்_நிற்பவன்:
அண்ணே, அசிஸ்ட்தான் அளவுகோல் என்றால் பழைய அவுட்ஃபீல்டர் ட்ரிஸ் ஸ்பீக்கர் 449. இருவரையும் ஓரங்கட்டிவிடலாமே?

பிட்ஸ்பர்க்வாசி:
தம்பி, அது பெரும்பாலும் 1920க்கு முந்தைய ஆட்டம். பந்தே தூரம் போகாது, ஸ்பீக்கர் இரண்டாவது பேஸுக்குக் கொஞ்சம் பின்னால் வந்து நிற்பார். அதையும் இதையும் ஒன்றாக்காதே.

கணக்குப்புள்ளி:
ஸ்பீக்கருக்கு மட்டும் காலமும் தூரமும் பார்ப்பீர்கள், உங்கள் ஆளுக்கு 300 அடி என்றால் பெயர்ச் சண்டைக்குப் போய்விடுவீர்கள்.

மஞ்சள்தொப்பி:
கணக்குப்புள்ளி நியாயம் பேசுகிறாரே! போன மாதம் கென் கிரிஃபி ஜூனியர் என்ற இன்னொரு அவுட்ஃபீல்டர் பற்றிய விவாதத்தில் "சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது 10 வாங்கியிருக்கிறார், பேச்சு முடிந்தது" என்று என் வாயை அடைத்தவர் இவர்தான். மேஸ் 12, கிளெமென்டேயும் 12. இப்போது ஏன் பேச்சு முடியவில்லை?

கணக்குப்புள்ளி:
அந்த விருது ஆரம்பித்ததே 1957இல். மேஸ் ஆட வந்தது 1951. அந்த ஆண்டே ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்து, உடம்பை முழுச் சுற்றாகச் சுழற்றி வீசி, ஹோமுக்கு ஓடிய பில்லி காக்ஸை அவுட்டாக்கினாரே, அதுவும் கைதானே? 1954இல் அந்தப் பிரபல கேட்ச்சைப் பிடித்தபோதும் கோல்டு கிளவ் கிடையாது. கிரிஃபி பஞ்சாயத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்தொப்பி:
அங்கே நீங்கள்தான் பதில் சொல்லாமல் போனீர்கள்.

பிட்ஸ்பர்க்வாசி:
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். இருவரும் ஆடிய நேஷனல் லீகில், ஐந்து சீசனில் அவுட்ஃபீல்டர்களிலேயே அதிக அசிஸ்ட் எடுத்தவர் கிளெமென்டே. எல்லா அணியும் அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வந்து ஆடியதே, அவர்களுடைய ரைட் ஃபீல்டர்களுக்கும் அதே 300 அடிதானே? அவர்கள் ஏன் எடுக்கவில்லை?

கணக்குப்புள்ளி:
அவர்கள் அங்கே வருடத்துக்குச் சில ஆட்டம், இவர் பாதி சீசன். 140.

பிட்ஸ்பர்க்வாசி:
266.

ஓரத்தில்_நிற்பவன்:
449க்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை, அண்ணே.