நார்ச்சத்து கொடுத்தபின் எச்சம் வெள்ளை நூலாகிறது, விப்ரியோவும் கூடியிருக்கிறது: அவசர உதவி தேவை

இரவுப்பணி | சனி, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் இருக்கும் எங்கள் பண்ணையில், மீன்களுக்குத் தீவனத்துடன் நார்ச்சத்துத் தூள் கொடுக்கத் தொடங்கி இன்றோடு 12 நாள்கள் ஆகின்றன. குடலில் நல்ல பாக்டீரியா பெருகும், நோய் தருபவை அடங்கும் என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னதை நம்பித்தான் மேலாளர் இதை வாங்கினார். ஆனால் ஆறாம் நாளிலிருந்து எச்சம் வெள்ளை நூலைப் போல நீண்டு வருகிறது. சல்லடை வலையால் அள்ளப் போனால் வலையில் நிற்காமல் கரைந்துவிடுகிறது. நீரும் கலங்கிவிட்டது. நீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் நுரைபிரிப்பானில் சேரும் நுரையை ஒரு பணிநேரத்தில் மூன்று முறை வழித்துக் கொட்டுகிறேன். குடல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நோய் தரக்கூடிய விப்ரியோ என்ற பாக்டீரியா கூடியிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. தூளை நிறுத்துவதா, அளவு போதவில்லை என்று கூட்டுவதா? திங்கட்கிழமை காலை மேலாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உவர்நீர் | ஞாயிறு, காலை 6.15

என்ன மீன், என்ன எடை, என்ன தூள், எத்தனை விழுக்காடு, கடற்கூண்டா தொட்டியா என்ற எதையுமே நீங்கள் சொல்லவில்லை. நுரைபிரிப்பான் என்று எழுதியிருப்பதால் தொட்டி என்றும் உவர்நீர் என்றும் ஊகிக்கிறேன். 'நார்ச்சத்து' என்பது ஒரே பொருளின் பெயரன்று. செல்லுலோஸ் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்துவிடும். இன்யூலின் நீரில் கரையும், பாக்டீரியா அதை நொதிக்கவைக்கும். குவார் பிசின் குடலுக்குள் கூழாகிவிடும். மூன்றும் மூன்று விதமாக வேலை செய்பவை. தூளைத் தீவனத்தில் எப்படிக் கலந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தவிட்டுச்சாமி | ஞாயிறு, காலை 7.02

அளவு போதவில்லை என்பதே என் கருத்து. நான் திலாப்பியா வளர்க்கிறேன். நொதிக்கவைத்த அரிசித் தவிட்டைத் தாராளமாகக் கொடுக்கிறேன், எச்சம் கயிறு போலக் கெட்டியாக விழுகிறது. திலாப்பியாவின் குடலை வெளியே எடுத்து நீட்டினால் உடலைப் போலப் பல மடங்கு நீளம் வரும். அதில் குடியிருக்கும் சீட்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இனம் பி12 உயிர்ச்சத்தையே மீனுக்குத் தயாரித்துக் கொடுக்கிறது. அந்த இனத்துக்குத் தீனி போட வேண்டாமா? தீவன மூட்டையிலேயே நார் 4 விழுக்காடு என்று அச்சடித்திருக்கும்போது, அதற்கு மேல் ஒரு சிட்டிகை தூவினால் என்ன மாறிவிடப் போகிறது?

குளத்தங்கரை | ஞாயிறு, காலை 8.30

இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. தம்பி, லிம் சூ காங் பக்கம் தொட்டிப் பண்ணை என்றால் பெரும்பாலும் கொடுவாவாகத்தான் இருக்கும். கொடுவா புலால் உண்ணி. அதன் குடல் குட்டையானது. இரை விரைவில் கடந்து போய்விடும். அதற்கு நார் கொடுப்பது புலிக்கு வைக்கோல் போடுவதைப் போன்றது. 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஆர்க்டிக் சார் என்னும் குளிர்நீர் மீனுக்கு 15 விழுக்காடு இன்யூலின் கொடுத்துப் பார்த்தார்கள். பின்குடல் செல்களே சேதமடைந்தன. இங்கேயோ, 2035க்குள் நாட்டில் உண்ணப்படுவதில் 20 விழுக்காடு நார்ச்சத்து உணவையும் 30 விழுக்காடு புரத உணவையும் உள்ளூரிலேயே விளைவிப்பது என்று அரசாங்கம் புதிய இலக்கை அறிவித்ததும், அது காய்கறிக்குச் சொன்னது என்பதைக்கூடக் கவனிக்காமல் மீன் பண்ணைகளும் நாரைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. உடனே நிறுத்துங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 9.10

மன்னிக்கவும். கொடுவாதான், ஏறக்குறைய 100 கிராம். இன்யூலின், 2 விழுக்காடு. நீர் 29 பாகை.

நுண்ணோக்கி | ஞாயிறு, காலை 10.25

15 விழுக்காட்டில் கிடைத்த முடிவை 2 விழுக்காட்டுக்குப் பொருத்த முடியாது, குளத்தங்கரை ஐயா. அதே இன்யூலினை 7.5 விழுக்காடு அளவில் அட்லாண்டிக் சால்மனுக்குக் கொடுத்தபோது குடலில் அத்தகைய சேதம் தென்படவில்லை. மீனும் வேறு, அளவும் வேறு, நீரின் வெப்பமும் வேறு.

தவிட்டுச்சாமி அண்ணனுக்கு ஒரு சொல். மூட்டையில் அச்சடித்திருப்பது கச்சா நார். தீவனத்தை நீர்த்த அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைத்து, கரையாமல் எஞ்சுவதை எடைபோட்டுச் சொல்லும் கணக்கு அது. கரையும் நார் அந்தக் கொதிநீரோடு போய்விடுவதால் இன்யூலின் அந்த எண்ணுக்குள் வரவே வராது. ஆகவே 4 இருக்கிறதே, 2 சேர்த்தால் என்ன என்று கூட்டிப் பார்ப்பது பொருந்தாது.

இரவுப்பணி அவர்களே, ஆய்வக அறிக்கையில் 'டி.சி.பி.எஸ்.' என்ற பாக்டீரியா வளர்ப்பு ஊடகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை, மஞ்சள் நிறக் குடியிருப்புகளை எண்ணியிருந்தால் அதுவேதான். அந்த ஊடகம் விப்ரியோவை மட்டும் வளரவிட்டு மற்ற பெரும்பாலானவற்றை அடக்குவதற்கென்றே ஆக்கப்பட்டது. வாசலில் விப்ரியோவுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, உள்ளே விப்ரியோதான் இருக்கிறது என்று சொல்வதைப் போன்ற சோதனை அது. மேலும், விப்ரியோவும் ஃபோட்டோபாக்டீரியமும் கடல்மீன் குடலில் இயல்பாகவே இருப்பவை. எல்லா விப்ரியோவும் நோய் தருவதில்லை. தூள் கொடுப்பதற்கு முன் எடுத்த மாதிரியோ, தூள் கொடுக்காத மீனின் மாதிரியோ உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் 'கூடியிருக்கிறது' என்பது எதைவிட?

அலங்காரமீன் | ஞாயிறு, பிற்பகல் 12.05

நான் வீட்டில் தங்கமீன் வளர்ப்பவன். பண்ணை அனுபவம் எனக்கில்லை. என் மீனுக்கு மலச்சிக்கல் வந்தால் வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோலுரித்துக் கொடுப்பேன், சரியாகிவிடும். இன்யூலினுக்குப் பதிலாகத் தேக்காவில் கிடைக்கும் இசப்கோல் உமியைக் கலந்து பார்க்கலாமா?

குளத்தங்கரை | ஞாயிறு, பிற்பகல் 12.20

இதற்கும் பதில் எழுத வேண்டுமா?

உவர்நீர் | ஞாயிறு, பிற்பகல் 12.50

தெரியாமல்தானே கேட்கிறார், ஐயா. இசப்கோல் நீரை உறிஞ்சிக் கூழாகும். குடலுக்குள் கூழ் கெட்டித்தால் செரிமான நொதிகள் கொழுப்பையும் புரதத்தையும் எட்டுவது கடினமாகும். உண்டதில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறும். தங்கமீன் அனைத்துண்ணி, அதன் பட்டாணிக் கதை கொடுவாவுக்கு ஒத்துவராது.

ஆனாலும் புலிக்கு வைக்கோல் என்ற உவமையை நான் ஏற்கவில்லை. இயற்கையில் கொடுவா இறாலையும் சிறு நண்டையும் ஓட்டோடு விழுங்குகிறது. அந்த ஓட்டில் இருப்பது கைட்டின். தாவரத்துக்குச் செல்லுலோஸ் எப்படியோ, அப்படித்தான் இறாலுக்குக் கைட்டின். புலால் உண்ணும் மீனின் வயிற்றுக்குள் நாரைப் போன்ற ஒரு பொருள் காலங்காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

குளத்தங்கரை | ஞாயிறு, பிற்பகல் 1.15

கைட்டினை நார் என்று அழைப்பது வசதிக்கான பேச்சு. அதைச் சிதைக்கும் நொதி பல மீன்களின் வயிற்றிலேயே சுரக்கிறது. இன்யூலினைச் சிதைக்க எந்த மீனிடமும் சொந்த நொதி கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நுண்ணோக்கி | ஞாயிறு, பிற்பகல் 2.40

மீனால் சிதைக்க முடியாமல், பாக்டீரியாவால் மட்டுமே சிதைக்க முடிகிறது என்பதுதான் இன்யூலினை ப்ரீபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியாவுக்கான தீனி, என்று அழைப்பதற்கே காரணம், ஐயா. உங்கள் வாதம் எதிர்த்தரப்புக்கு உதவுகிறது. பாக்டீரியா அதை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. பியூட்டிரேட் குடற்சுவர் செல்களுக்கு எரிபொருளாகிறது. ஆனால் இதற்கு நேரம் வேண்டும். கடற்பாசி மேயும் கைபோசஸ் மீனினங்களின் பின்குடலில் இந்த நொதிப்பு தாராளமாக நடக்கிறது. குட்டைக் குடலில் விரைந்து கடக்கும் இரைக்கு அந்த வாய்ப்பு குறைவு என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடே.

கைட்டின் பற்றி உவர்நீர் சொன்னதிலும் பொருள் உண்டு. கருப்புப் படைவீரர் ஈயின் புழுமாவு கொடுத்த ரெயின்போ டிரவுட் மீன்களில் லாக்டிக் அமில பாக்டீரியா கூடியதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது கைட்டினாலா, புழுமாவின் கொழுப்பில் உள்ள லாரிக் அமிலத்தாலா என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

தவிட்டுச்சாமி | ஞாயிறு, பிற்பகல் 3.05

மன்னன் ஒலிகோசாக்கரைடை யாருமே சொல்லவில்லையே? ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுப்பது, 0.2 அல்லது 0.4 விழுக்காடு போதும். சில கிருமிகள் குடற்சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளிலும் மேனோஸ் இருப்பதால் ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும். தவிட்டுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது அதைத்தான்.

உவர்நீர் | ஞாயிறு, மாலை 4.30

அது நல்ல பொருள்தான்; ஆனால் நாம் எல்லோரும் குடலையே சுற்றிக்கொண்டிருக்கிறோம், கேட்டவரின் நுரைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இரவுப்பணி அவர்களே, நான் காலையில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. தூளை எப்படிக் கலந்தீர்கள்? எத்தனை தொட்டிகளுக்குக் கொடுக்கிறீர்கள்? கொடுக்காத தொட்டிகளில் நீர் எப்படி இருக்கிறது?

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8.55

இப்போதுதான் பணிக்கு வந்தேன். நான்கு தொட்டிகளில் இரண்டுக்கு மட்டும் கொடுக்கிறோம், நாளுக்கு 20 கிலோ தீவனம். தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தெளிப்பானால் தீவனத்தின் மேல் அடித்து, காற்றாடியின் கீழ் அரை மணி நேரம் உலர்த்துகிறோம். நான்கு தொட்டிகளிலும் நுரைதான். நான்கிலும் எச்சம் வெள்ளைதான். இதை முதலிலேயே எழுதவில்லையா? அறிக்கையில் டி.சி.பி.எஸ். என்றுதான் இருக்கிறது.

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 9.10

நான்கு தொட்டிகளுக்கும் ஒரே வடிகட்டியா?

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 9.12

ஆம், அக்கா.

உவர்நீர் | ஞாயிறு, இரவு 9.50

அப்படியானால் உங்கள் தூள் மீனின் குடலுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே எனக்கு ஐயம். வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தெளித்தது, 29 பாகை நீரில் விழுந்ததும் மறுபடி கரையத்தானே செய்யும்? எண்ணெய்ப் பூச்சு இல்லை, ஜெலட்டின் இல்லை, அல்ஜினேட் இல்லை; பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. நாளுக்கு 20 கிலோவில் 2 விழுக்காடு என்றால் 400 கிராம் இன்யூலின். அது முழுதும் நீரில் கரைந்துபோனதாக வைத்துக்கொண்டால், அதைத் தின்று எரிக்க பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 480 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும். நீங்கள் நல்ல பாக்டீரியாவைத்தான் வளர்க்கிறீர்கள். ஆனால் தொட்டி நீரிலும் குழாயின் உட்புறத்திலும் வளர்க்கிறீர்கள். கலங்கலும் நுரையும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தூள் கொடுக்காத தொட்டிகளிலும் அதே நிலை இருப்பதற்கு, பொதுவாகச் சுற்றிவரும் நீரைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளை நூலைப் பற்றியும் ஒரு சொல். மீன் சரியாக இரை எடுக்காதபோது குடலில் இரை இருக்காது. சளி மட்டும் நூலாக வெளிவரும். ஆக்சிஜன் குறைந்தால் கொடுவா முதலில் செய்வது இரையைக் குறைப்பதுதான். இந்த வாரம் தீவனம் மிஞ்சியதா? ஒட்டுண்ணி இல்லை என்பதையும், ஒரு மீனைத் திறந்து புதிய குடல்சளியை நுண்ணோக்கியில் வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. தூள் பூசிய தீவனம் ஒரு கைப்பிடி, பூசாதது ஒரு கைப்பிடி, தனித்தனிக் குவளையில் ஐந்து நிமிடம் ஊறட்டும். ஊறிய நீரை வடித்து, இரண்டிலிருந்தும் ஒரே அளவு எடுத்து, தொட்டி நீர் நிறைந்த இரு புட்டிகளில் தனித்தனியாக ஊற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் இரண்டிலும் கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள். நைட்ரைட்டையும் அளக்க மறக்க வேண்டாம். இப்படிக் கரிமப்பொருள் பெருகினால், விரைந்து வளரும் பாக்டீரியா உயிர்வடிகட்டியில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் இனங்களை மூடி, அவற்றின் ஆக்சிஜனையும் பறித்துக்கொள்ளும்.

குளத்தங்கரை | ஞாயிறு, இரவு 10.20

நிறுத்துங்கள் என்று காலை 8.30க்கே சொன்னேன். இத்தனை சுற்று எதற்கு?

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 10.35

நீங்கள் சொன்ன காரணம் வேறு, ஐயா. தூள் குடலுக்கே போகவில்லை என்றால், கொடுவாவுக்கு இன்யூலின் ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்பதை இந்தப் பண்ணை இன்னும் சோதிக்கவே இல்லை. அடுத்த முறை மீனெண்ணெயில் குழைத்துப் பூசி, அந்த எண்ணெயை மட்டும் பூசிய தீவனத்தைத் தனி வடிகட்டியுள்ள தொட்டியில் கொடுத்து ஒப்பிட்டால்தான் எதையும் சொல்ல முடியும். எண்ணெயும் கரைவதை முற்றாகத் தடுத்துவிடாது. கொடுவா விழுந்த தீவனத்தை உடனே பாய்ந்து விழுங்குவது நமக்குச் சாதகம்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 7.05

கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராமில்: பூசாத புட்டி 5.1, பூசிய புட்டி 1.2. இரண்டையும் மேலாளர் மேசையில் வைத்துக் காட்டினேன். தூளை நிறுத்திவிட்டோம். சென்ற வாரம் தீவனம் மிஞ்சியது உண்மைதான். அனைவருக்கும் நன்றி, பணி முடிந்து இப்போதுதான் பேருந்து ஏறுகிறேன்.

உவர்நீர் | செவ்வாய், காலை 7.30

நல்லது. நைட்ரைட்டு எவ்வளவு?

அலங்காரமீன் | 11 நாள்கள் கழித்து

எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தீர்களா, அண்ணன்? நைட்ரைட்டு எண்ணையும் நீங்கள் எழுதவேயில்லை.