புதுப்பிப்பு: கொட்டின இறகு முளைச்சாச்சு

ஐப்பசி தொடக்கத்தில் இங்கே புலம்பியிருந்தேன். கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் ஏழு சிறுவிடைக் கோழிகளில் நாலுக்குக் கழுத்தெல்லாம் இறகு கொட்டி, முட்டையும் நின்றுபோச்சு, சீக்கோ என்று.

சீக்கு இல்லை. கழிச்சல் கிடையாது, செள்ளு கிடையாது, தீனியும் எடுத்தன. பகல் பொழுது குறையும்போது பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும், வருஷா வருஷம் வருவதுதான். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டை மாத்துதப்பா, விடு" என்று போய்விட்டார்கள்.

இறகில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். வெறும் அரிசி, கம்பு போட்டால் எங்கிருந்து முளைக்கும்? அதனால் கரையான் பிடித்தேன். உடைந்த பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் விடியற்காலை மொய்த்துக் கிடக்கும். கொட்டியதும் அடிதடிதான்! கூடவே உப்புப் போக அலசிய கருவாட்டுத் தூள். கடலைப் புண்ணாக்கு மழையில் பூசணம் பிடித்திருந்தது, தூக்கிப் போட்டேன்.

நான் செய்த தப்பு ஒன்று: ரத்தம் ஓடும் குருத்து இறகு முள்ளாய் நிற்கும்போது ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன். வலியில் கத்தியது, பாவம். பிறகு கை வைக்கவே இல்லை.

மறுபடி முட்டையிட வெளிச்சம் கூட்டி பல்பு போடச் சொன்னவர்களுக்கு நன்றி. உடம்பு தேறட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து வாரமாச்சு. வால் மட்டும் இன்னும் குட்டை. நேற்று கருப்பி ஒரு முட்டை வைத்திருக்கிறாள்.