டாலஸ் களிமண்ணில் ப்ளூபெர்ரி: உங்கள் அனுபவம் எப்படி?

பிளானோ தோட்டம்
போன சனிக்கிழமை செத்துப்போன டிஃப்ப்ளூ ரக ப்ளூபெர்ரிச் செடியைப் பிடுங்கினேன், இன்னும் மனசு ஆறவில்லை. நம் ஊர்க் களிமண் தெரியும்தானே, கோடையில் வெடிப்புக்குள் கை நுழையும். அதனால் இரண்டடி அகலத்துக்குக் குழி வெட்டி, உள்ளே முழுக்க பீட் மாஸும் (சதுப்பு நிலத்துப் பாசி மக்கியது) பைன் மரப்பட்டையும் போட்டுத்தான் வைத்தேன். முதல் வருஷம் தளதளவென்று வந்தது. அடுத்த வருஷம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, அப்புறம் ஓரம் கருகியது. தோண்ட மண்வெட்டி எடுத்துப்போனால் அதற்கு வேலையே இல்லை, ஒரு கையால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நர்சரித் தொட்டியில் எப்படி இருந்ததோ அதே வடிவத்தில் வேர், ஒரு விரற்கடைகூட வெளியே போகவில்லை. அடியெல்லாம் கறுத்து அழுகல் வாடை. குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது, மழை பெய்து நாலு நாள் ஆகியும்.

ரவுண்ட் ராக் அண்ணாச்சி
எனக்கும் இதேதான். ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டுமே என்று, வீட்டு பில்டர் காபிச் சக்கை போதாமல் காபிக் கடையில் மூட்டையாக வாங்கி ஒரு வருஷம் கொட்டினேன். ஆரம்பத்தில் மண்ணின் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 7.8, வருஷக் கடைசியிலும் 7.8. கந்தகத் தூள் போட்டிருந்தால் செடி பிழைத்திருக்கும்.

மண்ணும் நீரும்
அண்ணாச்சி, அங்கேதான் உடன்பட மாட்டேன். காபியின் புளிப்பு டிகாக்ஷனோடு போய்விடுகிறது, சக்கை ஏறக்குறைய நடுநிலைதான். கந்தகத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்ற மாதக்கணக்காகும், மாற்றினாலும் நம் மண்ணில் இருக்கிற சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். என் தோட்டத்து மண் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விட்டேன், சோடா மாதிரி பொங்கியது. அன்றைக்கே தரையில் வைக்கும் ஆசையை விட்டேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். களிமண்ணில் குழி வெட்டி பீட் மாஸ் நிரப்பினால் அது தொட்டி கட்டின மாதிரி, சுற்றிலும் இருந்து தண்ணீர் வந்து இறங்கும், வெளியேற வழி இருக்காது. பெரிய தொட்டியில் பாதி பைன் பட்டை, பாதி பீட் மாஸ் போட்டு வையுங்கள். பீட் மாஸை முதலில் ஊறவைத்துப் பிசைய வேண்டும், காய்ந்தபடி போட்டால் தண்ணீரைத் தள்ளிவிடும். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு, ஊற்ற ஊற்ற பி.எச். ஏறும், அதனால் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். உரத்துக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஒரு பிடி. சாம்பல் மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

டைலர் பக்கம்
நீங்கள் எல்லாரும் மண்ணோடு மல்லுக்கட்டுவதைப் படிக்கும்போது இங்கே கிழக்கு டெக்சஸில் பார்த்தது ஞாபகம் வருகிறது. பைன் காட்டு மணல் மண், இயல்பிலேயே புளிப்பு. பழம் பறிக்கப் போன பண்ணையில் ஒரு பெரியவர் செடிக்கடியில் குந்தி, உதிர்ந்து கிடந்த பைன் ஊசிகளை விரலால் விலக்கிக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிசான வேர்கள், தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள்ளேயே வலை மாதிரி பின்னிக் கிடந்தன. விரல் பட்டதுமே இரண்டு அறுந்துவிட்டன, அவர் முகம் வாடிப்போனது, உடனே ஊசிகளை இழுத்து மூடிவிட்டார். பிளானோ அக்கா, அந்த வேர் உங்கள் களிமண்ணைத் துளைத்துப் போயிருக்கவே முடியாது.

பிளானோ தோட்டம்
சரி, புரிகிறது. கூடவே வைத்த கிளைமாக்ஸ் ரகச் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது, குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். ஆனால் டிஃப்ப்ளூ போனதில் அதற்கு மகரந்த ஜோடி இல்லை. பக்கத்தில் பிரீமியர் ரகம் வைத்து நன்றாகக் காய்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.