பழைய நாகர்கோவில் எம்.பி. தொகுதியில் யார் யார் ஜெயித்தார்கள்?

வடசேரிப் பேரன்:
தாத்தாவின் தகரப்பெட்டியில் காமராஜர் படம் போட்ட தேர்தல் நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் கரையான் அரித்திருக்கிறது. விருதுநகர்க்காரர் எங்கள் ஊரில் எப்படி நின்றார்?

தக்கலைக்காரர்:
தம்பி, அதைப் பத்திரமாக வையுங்கள். 1967-இல் அவர் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். நாகர்கோவிலில் அப்போது ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி. 1968-இல் அவர் மறைந்ததும், 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர் நின்று வென்றார். 1971-லும் அவரே. சொந்த ஊர் கைவிட்டவரை எங்கள் மாவட்டம் தாங்கிப் பிடித்தது. எனக்கு இன்றும் அது பெருமைதான். நேசமணி 1952-லேயே இங்கே வென்றவர். அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1.

குளச்சல் அக்கா:
அப்புறம் 1977-இல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை டென்னிஸ், தொடர்ந்து 6 முறை! கடைசி 2 முறை த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில். 1999-இல் பொன். ராதாகிருஷ்ணன், 2004-இல் மார்க்சிஸ்ட் பெல்லார்மின். மறுசீரமைப்புக்குப் பின் 2009-இல் கன்னியாகுமரி தொகுதி வந்துவிட்டது.

வடசேரிப் பேரன்:
நன்றி அண்ணே, அக்கா. நோட்டீஸில் 'இடைத்தேர்தல்' என்ற சொல் பாதி தெரிகிறது. அப்படியென்றால் 1969-தான். நாளைக்கே கண்ணாடிச் சட்டம் போடுகிறேன்.